ஜன்னல் அங்கேதான் இருக்கும்

பெயிண்ட் வாங்க வருகிறவர்களுக்கு வாய் ஓயாது. திருப்பிக் கொடுக்க வருகிறவர்களுக்கு வாயே இருக்காது. டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு விட்டத்தைப் பார்ப்பார்கள், மழை விடுமா என்பார்கள், பழைய பாக்கியைக் கேட்க வந்த சொந்தக்காரனைப் போலச் செருப்பைத் தேய்ப்பார்கள். கடைக்கார அண்ணன் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். டப்பாவை எடுத்துப் பின்பக்கம் தள்ளிவிட்டு, "வேற ஷேடு பாக்கறீங்களா?" என்பார். அவ்வளவுதான்.

கலந்த பெயிண்டைத் திரும்ப எடுக்கிற கடை அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றே. கடைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். அந்தப் பெயரைக் காப்பாற்ற அப்பா இரண்டு சட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஒன்று, ஏன் திருப்பித் தருகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. "ஏன்னு கேட்டா அவன் மனசை மாத்திக்க மாட்டான், கடையைத்தான் மாத்திக்குவான்." இரண்டு, திரும்பிய டப்பா எங்கே போகிறது என்று சொல்லக் கூடாது.

அது எங்கேயும் போகவில்லை. பின்கட்டில் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டிக்கொண்டு முன்கட்டுக்கு வந்து, ஸ்பெஷல் ஷேடு என்று தனி அலமாரியில் உட்கார்ந்துகொள்ளும். 'பாசிப் பச்சை' என்று போனது 'முதல் தளிர்' என்று வரும். 'மண் பழுப்பு' போய் 'நடைபாதை நிழல்' ஆகும். பெயர் வைப்பது அண்ணனின் தங்கச்சி. பத்தொன்பது வருஷமாகக் கலவை மெஷினில் உட்கார்ந்திருப்பவளும் அவள்தான். தெருவே அவளைக் கலவைக்காரி என்று கூப்பிட்டது. வீட்டுக்காரர்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

சீட்டு மாற்றுவதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்வாள். டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டு, மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் ஒட்டுப்பலகைத் துண்டில் ஒரு அறை வரைவாள். அந்தப் பெயிண்ட் எந்த அறைக்குப் போய்த் திரும்பியதோ, அந்த அறை. அவள் அதைப் பார்த்தவள் இல்லை. ஏன் திரும்பியது என்று கேட்கவும் அப்பாவின் சட்டம் விடாது. ஆகவே அவளே ஒரு அறையைக் கட்டி, ஒரு காரணத்தையும் உள்ளே வைத்துவிடுவாள். மாமியார் பக்கம் ஒரு நாற்காலி, மருமகள் பக்கம் ஒரு நாற்காலி, நடுவில் யாரும் உட்காராத சோபா. ஆளே இருக்க மாட்டார்கள். பலகைகள் சேர்ந்து சேர்ந்து, பின்கட்டில் பெயிண்டைக் கரைக்கிற தின்னர் பீப்பாய்களுக்கும் கழுவுமிடத்துக்கும் நடுவே தடுப்பாக நின்றன.

வந்தது வினை, வெள்ளை பெயிண்ட் வாங்க வந்த ஒரு அம்மாவால். ஓவியக் கூடம் நடத்துகிறவர். கூடத்துச் சுவருக்கு வெள்ளை கேட்டார். வெள்ளையில் பதினாலு வெள்ளை இருக்கிறது என்று காட்டக் கலவைக்காரி பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். கூடத்தம்மா வெள்ளையைப் பார்க்கவே இல்லை. தடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணி கழித்துப் பதினொரு பலகையைத் தனியாக எடுத்து வைத்து, "இதையெல்லாம் மாட்டப் போறேன்" என்றார்.

"எதுக்குங்க?" என்றாள் கலவைக்காரி. கழுவுமிடத்துக்கு மறைப்பு போய்விடுமே என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

பிறகு ஒரு கடிதம் வந்தது. படைப்பாளி தம் படைப்பைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு தர வேண்டும். உங்கள் படைப்பு எங்கிருந்து வருகிறது? ஏன் இப்படி வரைகிறீர்கள்? வியாழன் மாலை ஐந்துக்குள் வராவிட்டால் அந்தச் சுவர் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போகும்.

கடிதத்தை நாலு முறை படித்தாள். பதினொரு பலகையும் ஒரு வெள்ளைச் சுவரில் வரிசையாக நிற்பதை நினைத்துப் பார்த்தாள்; மறுபடியும் நினைத்துப் பார்த்தாள். அது ஆசை என்று புரிய ஒரு நாள் ஆனது. அதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் டெலிவரி வண்டியை நிறுத்திவிட்டு வந்து, கை கழுவினாரோ இல்லையோ, பேனாவோடு உட்கார்ந்தார். வெளியே தூறல். அவள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல கஷ்டத்தை வைக்கணும். கஷ்டம் இல்லாம எவனும் படம் போட மாட்டான்."

"நாம எப்போங்க கஷ்டப்பட்டோம்?"

"யோசி. சின்ன வயசுல?"

"சின்ன வயசுல எங்கப்பா கடை நல்லா ஓடிச்சு."

"அம்மா இல்லாம வளர்ந்தேன்னு போடலாமா?"

"எங்கம்மா போன வாரம்தானே உங்களுக்குச் சட்டை எடுத்துக் குடுத்தாங்க?"

"அதான் பாத்தேன்." பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "கலியாணத்துக்கு அப்புறம் ஏதாவது?"

அவள் சட்டுவத்தோடு திரும்பிப் பார்த்தாள். "அதைப் போட்டா ஒரு பக்கம் பத்தாது."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டு முட்டையைத் தின்றார். தாளில் 'நான்' என்று ஒரு சொல் இருந்தது. அதுவும் அவர் கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை மழைக்குக் கடையில் ஈ ஓட்டினார்கள். ஈரச் சுவரில் எவன் பெயிண்ட் அடிப்பான்? கல்லாவில் இருந்த அண்ணி விஷயத்தைக் கேட்டு, இது ஒரு வேலையா என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாக ஷேடு கார்டு படித்தவள். மூச்சு விடாமல் சொல்லச் சொல்ல, கலவைக்காரி எழுதினாள்.

"'கண்ணுக்கு இதமான வண்ணங்கள். எந்த அறைக்கும் பொருந்தும்.' எழுதிட்டியா? 'துடைத்தாலும் போகாது. நீண்ட நாள் உழைக்கும்.'"

"அண்ணி, படம் உழைக்குமா?"

"உழைக்காதுன்னு எழுதினா வாங்குவாங்களா? 'வாசனை குறைவு'ன்னும் போடு."

தன்னைத்தானே புகழ்ந்து பழக்கமில்லாதவள், சரக்கைப் புகழ்வது எளிதாக இருக்கிறதே என்று அதை அப்படியே அனுப்பிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"படிச்சேன்" என்றார் கூடத்தம்மா. சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தையா என்று தெரியவில்லை. "வாசனை குறைவுன்னு இருக்கு."

"ஆமாங்க. இப்போ ஒண்ணும் அடிக்காது."

"இது விளம்பரம்மா. நான் உங்களைக் கேக்கறேன். அந்த அறையெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"அதைச் சொல்றதில்லைங்க."

"ஏன்?"

"சரக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்ற வழக்கம் எங்க வீட்டுல இல்லைங்க."

"இது சரக்கு இல்லையே."

அவள் அறிந்த உலகத்தில் பொருள் என்றால் ஒன்று சரக்கு, இல்லாவிட்டால் கழிவு. மூன்றாவதாக ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை. "வியாழக்கிழமை அஞ்சு மணி" என்று சொல்லிவிட்டுக் கூடத்தம்மா வைத்துவிட்டார்.

அண்ணனிடம் கேட்காமல் அவள் எதையும் செய்ததில்லை. மதியம் அவர் ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தபோது, திரும்பின டப்பாவைப் பற்றி எழுதலாமா என்று கேட்டாள். ரொட்டி பாதி ஒடிந்து தேநீரில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"என்னன்னு எழுதுவே?"

"திரும்பி வந்த பெயிண்டுல வரைஞ்சதுன்னு."

"அப்போ மீதிப் பெயிண்டு எங்கே போச்சுன்னு கேக்க மாட்டானா?"

"கேப்பாங்களா?"

"நான் கேப்பேன்." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபப்பட்டால் அவர் குரல் இறங்கும், விலை குறைப்பதுபோல. "இந்தாம்மா, நீ படம் போடு. சுவத்துல மாட்டு, கூரையில மாட்டு, நான் குறுக்கே நிக்கல. ஆனா அந்தச் சீட்டு விஷயம் வெளியில போச்சுன்னா, அடுத்த நாள் நீ மெஷின்ல உக்கார வேண்டாம். என் வாயால சொல்லிட்டேன்."

"வேற என்னண்ணா எழுதறது?"

"வானத்துலேருந்து வந்துச்சுன்னு எழுது. அவன் போய்ப் பாக்கவா போறான்?"

அவள் மெஷினுக்குத் திரும்பினாள். பதினாறு குழாய்களையும் துடைத்தாள். எழுதினால் மெஷின் போகும்; மெஷின் போனால் பெயிண்ட் ஏது, பலகை ஏது? எழுதாவிட்டால் சுவர் போகும். ஆப்பை அசைத்த குரங்குக்காவது எங்கே மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்திருக்கும். இவளுக்கு அதுவும் தெரியவில்லை. அதற்கும் அடியில் இன்னொரு குழப்பம் இருந்தது. அண்ணன் சரி என்றே சொல்லியிருந்தாலும், இரண்டாவது கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. ஏன் வரைகிறாள்? பெயிண்ட் வீணாகிறதே என்றா? வீணாகவில்லையே, விற்றுவிடுகிறார்களே.

புதன்கிழமை மழை விட்டது. பத்து மணிக்கு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆனாலும் குடையை இன்னும் பிரம்பு மாதிரிதான் பிடிப்பார்.

"முதல் தளிர் இன்னும் ஒரு டப்பா வேணும். முன்னறை அடிச்சு முடிஞ்சுது. அப்படி ஒரு பச்சை! காலையில எழுந்து அந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். பின்னறைக்கும் அதையே அடிச்சுடலாம்னு."

கலவைக்காரி மெஷின் பக்கமே திரும்பவில்லை. போன வருஷம் இதே டீச்சர்தான் பாசிப் பச்சை டப்பாவை ஆள் விட்டுத் திருப்பி அனுப்பியவர். அதே டப்பாதான் சீட்டு மாறி, போன மாதம் அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அவளுக்கு அது அப்போதே தெரியும். ஆனால் நேற்றுவரை அது ஒரு சங்கதியாகவே தோன்றவில்லை. வேண்டாம் என்றவர் அதே பச்சையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடுவில் மாறியது இரண்டு சொல். அப்படியானால் அந்த ஒரு பக்கக் குறிப்பு எதை என்னவாக மாற்றிவிடும்?

"டீச்சர், அது பாசிப் பச்சை" என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கல்லாவில் அண்ணனின் கை நின்றது.

"எது?"

"நீங்க போன வருஷம் வேண்டாம்னு அனுப்பினீங்களே, அதே டப்பா. பேரை மட்டும் மாத்தினோம்."

"இல்லையே. அது அழுக்கா இருந்துச்சு."

"அதேதான் டீச்சர்."

"எனக்குக் கண்ணு தெரியும்மா."

"விளையாடறா டீச்சர்" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்தார். அவர் முகம் சிரிக்கவில்லை, பற்கள் மட்டும்தான்.

கலவைக்காரி கலவை நோட்டை விரித்து, இரண்டு பெயருக்கும் எதிரே இருந்த கலவை எண்ணைக் காட்டினாள். ஒரே எண். டீச்சர் கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, விடைத்தாள் திருத்துவதுபோலப் படித்தார். பிறகு வாடிக்கையாளருக்கான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் டப்பாவை எனக்கே வித்திருக்கீங்க."

அண்ணி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் அதைக் குடிக்கவில்லை.

"அன்னைக்கு அவரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வந்தேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "வாசல்ல பெயிண்டு டப்பா நின்னுச்சு. பெயிண்டர் ஒரு பட்டை அடிச்சுக் காட்டினான். அன்னைக்கு எந்தக் கலர் வந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்."

அந்தப் பச்சைக்குக் கலவைக்காரி பலகையில் கட்டிய அறையில் ஒரு கட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை என்று வைத்திருந்தாள். அதையும் சொல்லிவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"காட்டு" என்றார் டீச்சர்.

பின்கட்டில் நாலு பேரும் பலகை முன்னால் நின்றார்கள். பச்சைச் சுவர், திரும்பிய கட்டில், இடது பக்கம் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை. டீச்சர் வெகுநேரம் பார்த்தார். தின்னர் வாடைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டார். வாடைக்குத்தானா என்பது வேறு விஷயம்.

"ஜன்னல் அந்தப் பக்கம் இல்ல" என்றார் கடைசியில். "எங்க வீட்டுல வலது பக்கம். கட்டில்லேருந்து பாத்தா பக்கத்து வீட்டு மரம் தெரியும். அவர் அதைப் பாத்துக்கிட்டேதான் படுத்திருப்பார். ஜன்னலை இந்தப் பக்கம் மாத்திடு."

"இதோ மாத்திடலாம் டீச்சர்" என்றார் அண்ணன். பிரஷ்ஷைத் தேடி எடுத்தே கொடுத்துவிட்டார். "ரெண்டு நிமிஷ வேலை."

கலவைக்காரி பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் வாடிக்கையாளர் கேட்டு அவள் இல்லை என்றதில்லை. இன்னும் கொஞ்சம் வெளிறலாகவா, ஆகட்டும். போதாதா, இன்னொரு சொட்டு. இங்கே கேட்பவருக்கு உரிமையும் இருந்தது. அது அவர் வீடு, அவர் புருஷன், அவரையே ஏமாற்றிய டப்பா. கை பெயிண்ட்வரை போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"இல்ல டீச்சர். ஜன்னல் அங்கேதான் இருக்கும்."

"ஏன்?"

"தெரியல."

"ஒரு விரல் பெயிண்டும்மா" என்றார் அண்ணன், பல்லுக்கு நடுவே. "என்ன குறைஞ்சு போயிடுவே? அவங்க வெளியில போய் ஒரு வார்த்தை சொன்னா நம்ம கடை என்ன ஆகும்?"

"தெரியுதுண்ணா. வேற ஜன்னலோட வேற பலகை போட்டுத் தரேன் டீச்சர். மரமும் வைக்கிறேன். இதுல முடியாது."

"இது எங்க அறை இல்லையா அப்போ?"

"இல்ல போலிருக்கு."

"யாரோட அறை?"

அவள் பலகையைப் பார்த்தாள். நிஜமாகவே அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். டீச்சருடையது இல்லை. அவளுடையதா என்றால், அவள் வீட்டுக் கட்டில் எந்தக் காலத்திலும் சுவரைப் பார்த்துத் திரும்பியதில்லை. "அது புரியலைங்க" என்றாள்.

டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு முன்கட்டுக்கு நடந்தார். படியில் நின்று அண்ணனிடம், "ஆகட்டும் டீச்சர், ஆகட்டும் டீச்சர்னே சொல்லிச் சொல்லித்தான் என்னை நல்லா ஏமாத்தினே. இவ ஒருத்திதான் முடியாதுன்னு சொன்னா" என்றார். "அந்தப் பச்சையில ஒரு டப்பா அனுப்பு. பழைய பேரோடவே அனுப்பு."

அவர் போன பிறகு அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டு வெளிப்பட்டது, வாடிக்கையாளரை எதிர்த்தாயிற்று, டப்பாவும் விற்றது. இந்த மூன்றையும் ஒரு வரிசையில் வைத்துப் பார்க்க அவருக்கு வியாபாரப் பாடத்தில் இடமில்லை. யாரையாவது திட்டியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை மதியம் அவள் எழுதினாள். பின்கட்டில், பீப்பாய்மேல் தாளை வைத்து. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தேநீரை வைத்துவிட்டுப் போனார். எழுதியது இதுதான்:

'எங்கள் கடையில் திரும்பி வந்த பெயிண்டில் இவற்றை வரைந்தேன். மீதியை வேறு பெயரில் விற்றோம். ஏன் திருப்பினார்கள் என்று எங்கள் கடையில் கேட்க மாட்டோம். அதனால் காரணங்களை நானே நினைத்துக்கொண்டேன். ஒன்று தவறு என்று நேற்றுத் தெரிந்தது. மற்ற பத்தும் தவறாக இருக்கலாம். ஆனாலும் எதையும் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஏன் வரைகிறேன் என்று தெரியவில்லை. மாற்றச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. அது மட்டும் தெரியும்.'

அனுப்பும் முன் அண்ணனிடம் நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குண்ணா."

"நான் பேச்சு மாற மாட்டேன்."

"தெரியும்ணா."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். கிழிக்கவில்லை. நாலே முக்காலுக்கு அது கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை மெஷினில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு வாக்கு என்றால் வாக்கு. ஓவியக் கூடத்தில் பலகைகள் மாட்டப்பட்டன. பக்கத்தில் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பார்த்தவர்கள் சிலர் அதைப் படித்துச் சிரித்தார்கள், சிலர் மறுபடியும் முதல் பலகைக்குப் போனார்கள். கடைக்கு ஒரு மாதத்தில் இரண்டு வாடிக்கை குறைந்தது. திரும்பின டப்பாதான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஐந்து பேர் வந்தார்கள். அண்ணன் ஐந்து பேரையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

கலவைக்காரி வீட்டில் இருந்தாள். ஐந்தாவது வாரம் கை நமநமத்தது. நேராகக் கடைக்குப் போய், வாடிக்கையாளர் நிற்கிற பக்கம் நின்று, ஒரு சாம்பல் நிறம் கேட்டாள். எப்படிப்பட்ட சாம்பல் என்று அண்ணி கேட்டாள். சொல்லத் தெரியாமல் சொன்னாள். அண்ணியும் கலக்கத் தெரியாமல் கலந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய், பலகையில் ஒரு பட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். அவளை அறியாமல் கண் விட்டத்துக்குப் போனது.

அண்ணன் டப்பாவை எடுத்துப் பின்பக்கம் தள்ளவில்லை.

"ஏன், என்ன குறை?" என்றார்.

"குறைன்னு இல்லண்ணா."

"பின்னே?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தேடினாள். "கொஞ்சம் அவசரப்படுது."

"பெயிண்டா?" என்றாள் அண்ணி. "அது பாட்டுக்கு டப்பாவுல இருக்கு. அது எங்கே அவசரப்பட்டுச்சு?"

அண்ணன் மூடியை நெம்பித் திறந்தார். குனிந்து பார்த்தார். டப்பாவை வாசல் வெளிச்சத்துக்குத் தள்ளி, தலையைச் சாய்த்து, மறுபடியும் பார்த்தார். நாற்பது வருஷம் பெயிண்ட் விற்றவர், பெயிண்டை அவ்வளவு நேரம் பார்த்து அவள் கண்டதில்லை.

"ஆமா" என்றார். "கொஞ்சம் அவசரம்தான்."

கிண்டல் பண்ணுகிறாரா, நிஜமாகவே தெரிகிறதா என்று அவர் முகத்திலிருந்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணிக்கும் முடியவில்லை போலிருக்கிறது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மெஷின் முன்னாலிருந்து எழுந்து நின்றாள்.